தாவர அரிப்புத் தடுப்பான்கள்

இலை, பட்டை, விதை, வேர் ஆகியவற்றின் சாற்றிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ எடுக்கப்பட்டு, அமிலமும் உப்புநீரும் எஃகை அரிப்பதைக் குறைக்கும் சேர்பொருள்கள் தாவர அரிப்புத் தடுப்பான்கள் எனப்படும்.

எண்ணெய்த் தொழிலில் இவற்றின் தேவை கிணற்றிலேயே தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்புப் பாறையின் துளைகளைப் பெரிதாக்கி எண்ணெய் ஊறிவர வழிசெய்ய, பெரும்பாலும் 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உள்ளே செலுத்துகிறார்கள். பாறையைக் கரைக்கும் அமிலம் எஃகுக் குழாயையும் விட்டுவைப்பதில்லை. ஹெர்மன் ஃபிராஷ் 1896இல் காப்புரிமை பெற்ற இம்முறை நெடுங்காலம் முடங்கிக் கிடந்ததற்கு இது முக்கியக் காரணம். 1932இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டௌ கெமிக்கல் நிறுவனம் அமிலத்தில் ஆர்செனிக் சேர்மத்தைக் கலந்தது. அதன்பின்தான் முறை பரவியது. ஆர்செனிக்கோ கொடிய நஞ்சு. பின்னாளில் வந்த புரோபார்கைல் ஆல்கஹால் குழாயை நன்றாகவே காத்தது என்றாலும், அதுவும் நச்சுப்பொருள்தான். ஆய்வாளர்கள் செடிகொடிகளின் பக்கம் திரும்பியது இதனால்தான்.

வேம்பு, மருதாணி, ஆலிவ் எனப் பல இலைகளின் சாறுகள் சோதிக்கப்பட்டுள்ளன. மருதாணியில் கையைச் சிவக்க வைக்கும் லாசோன் என்ற சேர்மமே எஃகிலும் வேலை செய்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் இரும்பின் பரப்பைப் பற்றிக்கொள்ள, மெல்லிய படலம் உருவாகி அமிலத்தைத் தடுக்கிறது. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர்.

சோதனை எளிது. உப்புத்தாளால் தேய்த்த எஃகுத் தகட்டை எடைபோட்டு, அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்து, கழுவி உலர்த்தி மறுபடி எடைபோடுவார்கள். சாறில்லாத அமிலத்தில் 100 மில்லிகிராம் இழந்த தகடு, சாறு கலந்ததில் 10 மட்டும் இழந்தால் தடுப்புத்திறன் 90 விழுக்காடு.

ஆய்வுக்கட்டுரைகளில் இத்தகைய எண்கள் ஏராளம். அவற்றை அப்படியே நம்பிக் கிணற்றில் இறங்க முடியாது. பெரும்பாலான சோதனைகள் அறை வெப்பநிலையை ஒட்டி, 1 மோலார் அமிலத்தில் நடப்பவை. 15 விழுக்காடு அமிலமோ ஏறத்தாழ 4.4 மோலார், ஆழ்கிணற்றின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடு ஏற ஏறப் பல சாறுகளின் படலம் பிடிவிட்டுக் கழன்றுபோகிறது. பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் பிடிப்பு ஓரளவு கூடும். மண்ணும் பருவமும் மாறினால் சாற்றின் சேர்மானமும் மாறும். எடுத்துவைத்த சாறு கெட்டும் போகும்.

தொழிலில் உண்மையாகவே நிலைபெற்ற தாவரப் பொருள் வேறு. பைன் மரத்திலிருந்து காகிதக்கூழ் எடுக்கும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் டால் ஆயிலின் கொழுப்பு அமிலங்களை அமீன்களோடு வினைபுரியச் செய்து இமிடசோலின்களைத் தயாரிக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடும் நீரும் கலந்து வரும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் இவை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன.