குதிரையின் கணக்கும் ஆராய்வோனின் கண்ணும்

விலங்குகளைக் கொண்டு நிகழ்த்தும் ஆராய்ச்சியிலே பிழை நேர்வதற்கு ஆராய்வோன் வஞ்சகனாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒரு முடிபை அவன் எதிர்பார்த்திருத்தலே போதும். இவ்வுண்மையை உலகறியச் செய்தது பேர்லின் நகரத்துக் குதிரையொன்றாகும்.

வில்கெம் வொன் ஒஸ்ரென் என்னும் இளைப்பாறிய ஆசிரியர், 'ஹான்ஸ்' என்ற தம் குதிரைக்குக் கணிதம் பயிற்றினார். வினாவுக்குரிய விடையை அது குளம்பினால் நிலத்தைத் தட்டி உணர்த்திற்று. 1904 ஆம் ஆண்டிலே அறிஞர் குழுவொன்று இதனைப் பார்வையிட்டு, இங்கு வஞ்சனை யாதுமில்லை எனக் கூறியது. எனினும் ஒஸ்கார் புங்ஸ்ற் என்னும் உளவியலாளர் மேலும் சோதித்தார். விடையறியாதவர் வினவியபோதும், வினவுவோர் குதிரையின் கண்ணுக்கு மறைந்து நின்றபோதும் அதன் கணிதப் புலமை ஒழிந்தது. உரிய எண்ணை எட்டியதும் வினவுவோரின் தலையில் உண்டாகும் நுண்ணிய அசைவைக் கண்டே குதிரை தட்டுதலை நிறுத்தியது. அவ்வசைவை அவர்தாமும் அறிந்திலர். 1907 இல் இம்முடிபுகள் நூலாக வெளிவந்தன.

ஆராய்வோனின் எதிர்பார்ப்பு ஆய்வுகூடத்திலும் தொழிற்படும் என்பதை, அமெரிக்க அறிஞர் றொபேட் றோசந்தாலும் கெர்மிற் போட்டும் 1963 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பன்னிரு மாணாக்கருக்கு ஐந்தைந்து எலிகள் வழங்கப்பட்டன. அறுவரிடம் அவை கூர்மதியுடைய மரபின என்றும், ஏனை அறுவரிடம் மந்தமதியுடையன என்றும் கூறப்பட்டது. உண்மையில் அவற்றிடையே அத்தகைய வேறுபாடில்லை. ஆயினும் 'கூர்மதி' எலிகளே சிறப்பாகக் கற்றன என மாணாக்கரின் பதிவுகள் கூறின.

இக்குறைக்கு மருந்து இரண்டு. எவ்விலங்கு எப்பிரிவிற் சேரும் என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் துணிதல் ஒன்று. எப்பிரிவு மருந்து பெற்றது என்பதை அளப்போனுக்கு மறைத்தல் மற்றொன்று. ஆயினும் 2009 இல் 271 ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை இவை கையாளப்பட்டமையைக் கூறவில்லை எனத் தெரிந்தது. அதன் பயனாக 2010 இல் பிரித்தானியாவில் 'அரைவ்' எனப்படும் அறிக்கை நெறிகள் இருபது கூறுகளுடன் தோன்றின. 2020 இல் அவை திருத்தப்பெற்றபோது, பத்துக் கூறுகள் இன்றியமையாதன என முன்னிறுத்தப்பட்டன.

பிழையான ஆய்வில் மாளும் விலங்கு வீணே மாள்கின்றது. அம்முடிபை நம்பி மருந்துண்ணும் நோயாளனும் ஏமாற்றப்படுகின்றான். நேர்மையுடையோனும் தன் கண்ணைத் தானே ஐயுறுதல் வேண்டும் என்பதே ஹான்ஸ் கற்பித்த கணக்காகும்.