சொந்த மண்ணின் வெற்றிகள்

1981இல் டோக்கியோவில் முதல் ஜப்பான் கோப்பைக் குதிரைப் பந்தயம் நடந்தபோது, 2,400 மீட்டரை முதலில் கடந்தது அமெரிக்கக் குதிரை மெய்ர்ஸி டோட்ஸ். முதல் நான்கு இடங்களில் ஒரு ஜப்பானியக் குதிரைகூட இல்லை. மூன்றே ஆண்டுகளில் ஜப்பானின் கட்சுராகி ஏஸ் கோப்பையை வென்று அந்த அவமானத்தைத் துடைத்தது. கென்டக்கி டெர்பி வென்ற சண்டே சைலன்ஸை அமெரிக்கர்கள் பொலிகுதிரையாக மதிக்காமல் ஜப்பானுக்கு விற்க, அதன் வாரிசுகள் ஜப்பானியப் பந்தயங்களையே மாற்றிவிட்டன. 2005க்குப் பிறகு 2024 வரை கோப்பை வெளிநாட்டுக்குப் போகவே இல்லை. இதை வைத்து ஜப்பான் உலகை வென்றுவிட்டதாகச் சொல்வது அவசரம். 2019இல் வெளிநாட்டுக் குதிரை ஒன்றுகூடப் போட்டியிடவில்லை. ஆளில்லாத களத்தில் என்ன பெருமை? இறுகிய, வேகமான புல்தரையும் உள்ளூர்க் குதிரைகளுக்கே தோதானது. ஈரத்தில் ஊறிய பாரிஸ் லாங்ஷாம் தரையில் கதை வேறு. அங்கே நடந்த 2012 ஆர்க் பந்தயத்தில் ஜப்பானின் ஓர்ஃபெவ்ர் கடைசி நேர்பாதையில் எல்லாரையும் தாண்டி முன்னேறியது. பிறகு உள்வேலிப் பக்கம் சாய்ந்து தடுமாற, சோலேமியா கழுத்தளவில் முந்திவிட்டது.

அப்படியானால் எல்லாம் சொந்த மண்ணின் சலுகைதானா என்று கேட்கலாம். இல்லை. 2021இல் அமெரிக்காவின் டெல் மாரில் ஒரே நாளில் இரண்டு பிரீடர்ஸ் கோப்பைப் பந்தயங்களை ஜப்பானியக் குதிரைகள் வென்றன. அவற்றில் ஒன்று மண்தரை ஓட்டம் என்பதுதான் எனக்குப் பெரிய சான்று. டோக்கியோவின் பத்தொன்பது ஆண்டு வெற்றித் தொடரைவிட அந்த ஒரு நாளுக்கு எடை அதிகம். 2025இல் பிரான்ஸின் கலண்டகன் டோக்கியோவுக்கே வந்து வென்றபோது, அந்தத் தொடரும் அறுந்தது.