இரண்டாம் அணிக்கும் ஒரு மேட்ச் வேண்டும்

நம் கல்லூரி மைதானத்தை நினைத்தால் பலருக்கும் கோல் அடித்தவர்களின் முகம்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவதோ, கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் ஜெர்ஸி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலைந்து பேர். 'எக்ஸ்ட்ரா பிளேயர்' என்று கௌரவமான பெயர். உள்ளதைச் சொன்னால் ஒப்புக்குச் சப்பாணி. அடியேனும் அந்தக் கோஷ்டிதான். தினமும் பிராக்டிஸ் உண்டு, மேட்ச்தான் கிடையாது. ஒரே ஒரு நாள் இறங்கச் சொன்னார்கள். கால் ஓடியது, புத்தி ஓடவில்லை. பந்து எங்கே வருகிறது என்று யோசிப்பதற்குள் அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. பிராக்டிஸ் வேறு, மேட்ச் வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

இந்த விஷயத்தை இங்கிலாந்துக்காரர்கள் ரொம்ப முன்னாலேயே புரிந்துகொண்டார்கள். அங்கே 1888-ல் 12 கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் பலர். களத்தில் இறங்குவதோ 11 பேர். மீதிப் பேரைச் சும்மா உட்கார வைக்கலாமா? அவர்களைக் கொண்டு 'ரிசர்வ்' அணி அமைத்தார்கள். வடக்கிலும் மத்தியிலும் உள்ள கிளப்புகளின் ரிசர்வ் அணிகளுக்கென்றே 1911-ல் சென்ட்ரல் லீக் பிறந்தது. லண்டன் பக்கத்தில் 1915-ல் தோன்றிய லண்டன் காம்பினேஷன் பிற்பாடு ரிசர்வ் அணிகளின் போட்டியாக வளர்ந்தது. இவை பொழுதுபோக்கு ஆட்டமல்ல. ரெஃபரி உண்டு, புள்ளிப் பட்டியல் உண்டு, சாம்பியன் பட்டமும் உண்டு.

அப்போது அதற்கு இன்னொரு அவசியமும் இருந்தது. 1965 வரை லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. பதினோரு பேரில் உங்கள் பெயர் இல்லையென்றால் ரிசர்வ் மேட்ச்தான் கதி. 1965-66 சீசனில்தான், அதுவும் அடிபட்டவருக்குப் பதிலாக மட்டும், ஒருவரை இறக்க அனுமதித்தார்கள். அதே சீசனில் லிவர்பூல் அணி 42 லீக் ஆட்டங்களையும் வெறும் 14 பேரை வைத்தே ஆடிப் பட்டம் வென்றது. மற்றவர்கள் எத்தனை சனிக்கிழமை காத்திருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்!

காத்திருந்தவர்கள் வீணாகவில்லை. 1980-ல் செஸ்டர் கிளப்பிலிருந்து 3 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல் வாங்கிய இளைஞர் இயான் ரஷ், முதல் சீசனில் பெரும்பாலும் ரிசர்வ் அணியில்தான் ஆடினார். அங்கே பதப்பட்டு வந்தவர் பிறகு அந்தக் கிளப்புக்காக அடித்த கோல்கள் 346. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் அங்கே முறியடிக்கவில்லை.

ஆனாலும் என் மனசைத் தொட்டவர் ஒரு கோல்கீப்பர்தான். பெயர் நைஜல் ஸ்பிங்க், கிளப் ஆஸ்டன் வில்லா. முதல் கீப்பர் ஜிம்மி ரிம்மர் 1980-81 சீசனில் 42 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. ஸ்பிங்க் பாவம், 1979 டிசம்பரில் ஒரே ஒரு முறை முதல் அணியில் ஆடியதோடு சரி. அதன் பிறகு ரிசர்வ் மேட்ச், ரிசர்வ் மேட்ச்!

1982 மே 26, ராட்டர்டாம் நகரம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பேயர்ன் மியூனிக்; ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு வருஷம் தொடர்ந்து வாங்கிய ரும்மெனிகே அவர்கள் பக்கம். ஒன்பதே நிமிஷத்தில், ஏற்கெனவே வலியோடு இறங்கிய ரிம்மர் வெளியேறினார். 23 வயது ஸ்பிங்க் உள்ளே வந்தார். முதல் அணிக்காக அவர் ஆடிய இரண்டாவது ஆட்டமே அதுதான்! பேயர்ன் அலை அலையாய் வந்தது. ஸ்பிங்க் ஒரு கோலும் விடவில்லை. 67-வது நிமிஷம் பீட்டர் வித் அடித்த ஒற்றைக் கோலில் கோப்பை வில்லாவுக்கு. அடுத்த வருஷம் ஸ்பிங்க் இங்கிலாந்துக்கும் ஆடினார். வில்லாவில் 1996 வரை இருந்தார்.

அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். வாய்ப்பு வந்தது அதிர்ஷ்டம். வந்தபோது கை தயாராக இருந்தது அதிர்ஷ்டமல்ல. தோற்கடிக்க வேண்டும் என்று வெறியோடு வருகிற எதிராளி, எண்பதாவது நிமிஷத்துக் களைப்பு, தப்பு செய்தால் தோல்வி என்ற பயம் - இவை பிராக்டிஸில் கிடைக்காது.

அந்த ஏற்பாடு பிற்பாடு உருமாறிவிட்டது. பெரிய கிளப்புகளுக்காக 1999-ல் வந்த பிரீமியர் ரிசர்வ் லீக் 2012-ல் முடிந்து, 21 வயதுக்குட்பட்டோர் போட்டி அதன் இடத்தைப் பிடித்தது. வயது கூடியவர்களுக்கு அதில் சில இடங்களே. இருபத்தெட்டு வயதில் பெஞ்சில் இருப்பவர் வேறு கிளப்புக்குக் கடனாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் கதவை மூடிக்கொண்டு நடத்தும் நட்பு ஆட்டத்தில் ஆட வேண்டும்.

நண்பர்களே, கோப்பை வாங்கித் தரும் பதினோரு பேருக்கு ஷூ வாங்கித் தர நம்மில் பலர் முன்வருகிறோம், நல்லதுதான். கூடவே, வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்காகப் பக்கத்துக் கல்லூரி இரண்டாம் அணியோடு வருஷத்துக்கு நாலு மேட்ச் ஏற்பாடு செய்யக்கூடாதா? ஒரு பந்து, ஒரு ரெஃபரி, வேன் வாடகை - செலவு அவ்வளவுதான். உறையிலேயே கிடக்கும் கத்தி துருப்பிடிக்கும். அது கத்தியின் குற்றமல்ல.