டீசலும் ஹைபிரிடும்: டில்லிவாசிகளுக்கு ஒரு பழைய கதை

டில்லியில் நம்மூர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் கேட்கும் கேள்வி இது: "சார், அடுத்த வண்டி டீசலா, ஹைபிரிடா?" ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நான் பதில் சொல்லும் முன் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஏதோ டீசல் தாத்தா, ஹைபிரிட் பேரன் என்று நினைக்கிறோம். அப்படியில்லை, கிட்டத்தட்ட ஒரே வயசு. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை 1897ல் ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைத் தொடவே திணறின. ரகசியம் எளிது. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அது கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் வேண்டாம்.

மூன்றே வருடம் கழித்து, ஆஸ்திரியாவில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் ஒரு வண்டி செய்தார். பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் வரும் மின்சாரம் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்குப் போகும், நடுவில் பேட்டரி. ஹைபிரிட்! ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம். டீசல் கப்பலுக்கும் லாரிக்கும் போய், 1936ல் மெர்சிடிஸ் காருக்குள்ளும் நுழைந்தது. ஹைபிரிட் காரோ 1997ல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வரும்வரை தூங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

நடுவில் ஒரு சுவாரசியம். நம்மை ஊருக்கு இழுத்துப்போன ரயில்வே டீசல் எஞ்சின் இருக்கிறதே, வாரணாசியில் கட்டிய டபிள்யூ.டி.எம்.2, அதிலும் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. ஜெனரேட்டர், மோட்டார் வழியாகத்தான். ஒரே குறை, பிரேக் போடும்போது வரும் சக்தி சூடாகி வீணாய்ப்போகும். ஹைபிரிட் கார் அதைத்தான் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. ரிங் ரோடில் நின்று நின்று போகிறவனுக்கு இது வரம். ஆக்ரா தாண்டி ஒரே வேகத்தில் போகிறவனுக்குப் பிரேக்கே கிடையாது, அப்புறம் எதைப் பிடிக்க? அங்கே டீசல்தான் ராஜா.

இந்தியாவில் டீசலை வளர்த்தது எஞ்சின் மட்டுமல்ல, விலை. 2010ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிய அரசு, டீசலை 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். விவசாயிக்கும் லாரிக்கும் என்று வைத்த விலையில் எஸ்.யூ.வி.க்காரர்கள் டேங்க் நிரப்பினார்கள். இது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

ஹைபிரிடுக்கு அந்த ராசி இல்லை. 2008ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 21 லட்சத்துக்கு மேல் விலையோடு வந்தது. சில மாதங்களில் 8 லட்சம் தள்ளுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது செஸ்ஸோடு சேர்த்து 43 சதவீத வரி. டீசலிலேயே பேர் வாங்கிய இன்னோவா, 2022ல் பெட்ரோல் ஹைபிரிடாக ஹைகிராஸ் என்று வந்த பிறகுதான் நம் ஜனம் திரும்பிப் பார்த்தது.

அதற்குள் டில்லியின் நுரையீரல் கணக்குக் கேட்டுவிட்டது. 1998ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, பஸ்கள் 2002 முடிவதற்குள் சி.என்.ஜி.க்கு மாறின. டீசல் புகையின் நுண்துகள் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகிற விஷயம், மைலேஜ் கணக்கில் வராது. 2015ல் ஃபோக்ஸ்வாகன், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் வைத்து மாட்டியது. அதே வருடம் பசுமைத் தீர்ப்பாயம், தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்றது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பெட்ரோலுக்கு 15 வருடம், பெட்ரோல் ஹைபிரிடுக்கும் அதேதான். 2025 ஜூலையில் பழைய வண்டிக்குப் பங்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள், சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவிட்டது.

ஆகவே என் பதில்: தினமும் ஆபீஸ், ஸ்கூல் என்று டில்லிக்குள்ளேயே சுற்றுபவர் ஹைபிரிட் பாருங்கள். ஏற்கெனவே டீசல் வைத்திருந்து, ஊரோடு போய்விடும் எண்ணமும் இருந்தால், பத்து வருடம் முடியும் முன்பே ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி மதுரையிலோ திருச்சியிலோ பதிந்துவிடுங்கள்.