புடைத்தெடுத்த வியாழன்

1840 மார்ச்சில், நியூயார்க் நகரத்து மாடி ஒன்றில், ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற வேதியியல் பேராசிரியர் வெள்ளி பூசிய செப்புத் தகடு ஒன்றை 20 நிமிடம் நிலாவுக்குக் காட்டினார். டாகேரின் படமெடுக்கும் முறை பாரிஸில் வெளியாகி அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தகட்டில் பதிந்த நிலாவின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். வானத்தைப் படமெடுத்த வரலாற்றைப் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஈரத்தகடு, உலர்தகடு, பிலிம், மின்னணுச் சில்லு என்று அது படிப்படியாக ஏறிப்போகும். நெபுலாக்களைப் பொறுத்தவரை இந்தக் கதை சரிதான். 1883இல், லண்டனை அடுத்த ஈலிங்கில், ஆண்ட்ரூ காமன் என்ற சுகாதாரப் பொறியாளர் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குல ஆடியைக் கொண்டு ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். கண்ணுக்கு எட்டாத நட்சத்திரங்கள் அதில் பதிந்திருந்தன. அந்தத் துறையில் அன்றோடு கண் தோற்றது. கோள்களின் கதை அப்படிப் போகவில்லை. காமனுக்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல், வியாழனையும் செவ்வாயையும் நுணுக்கமாகக் காட்ட வேண்டுமென்றால், ஒருசில மலையுச்சிகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், கேமராவை விடப் பென்சில் பிடித்த கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கோள்களைப் படமெடுப்பது அடிப்படையில் முறத்தில் புடைக்கிற வேலை என்பதும், அதனால்தான் அது கடைசியில் வீட்டுத் தோட்டத்து அமெச்சூர்களின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதும் என் வாதம்.

முதலில் நிலா. அமெச்சூர்களின் கைத்திறன் முதன்முதலாக வெளிப்பட்டது அங்கேதான். லண்டனில் காகிதமும் அஞ்சல் தலையும் அச்சிடும் குடும்பத் தொழிலைக் கவனித்துவந்த வாரன் டி லா ரூ, 1850களின் தொடக்கத்தில் தம் 13 அங்குல ஆடித் தொலைநோக்கியைக் கொண்டு நிலாவை எடுக்க முயன்றார். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வானம் சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் கடிகார இயந்திரம் அவரிடம் அப்போது இல்லை. தகட்டை ஒரு நகரும் சட்டத்தில் பொருத்தி, அதைக் கையால் மெல்ல நகர்த்தினார். பாலாடை போலப் படிந்திருந்த கொலோடியன் படலத்தின் வழியே மங்கலாகத் தெரிந்த ஒரு பள்ளத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அது விலகாதபடி பல நொடிகள் கை நடுங்காமல் நகர்த்திப் படம் பிடித்தார். அதற்குமேல் இயலாது என்று விட்டுவிட்டு, 1857இல் கிரான்போர்டில் கடிகார இயந்திரத்தோடு மறுபடி தொடங்கினார். அதே காலத்தில் நியூயார்க்கில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு வந்த லூயிஸ் ரதர்பர்ட், தம் வீட்டுத் தோட்டத்தில் கூடம் கட்டி, 1865இல் எடுத்த நிலாப் படங்கள் நெடுநாள் வரை நிகரற்று விளங்கின. இவர்கள் எல்லோரும் வசதி படைத்தவர்கள். இன்றைய சம்பளக்காரரின் மாடியோடு அவர்களின் தோட்டத்தைச் சமமாக வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களின் பணம் வாங்கித் தந்தவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது கருவியல்ல, இரவுகள். எத்தனை தகடு வீணானாலும் கேள்வி கேட்க ஆளில்லாத இரவுகள்.

நிலாவை விட்டுக் கோள்களுக்குப் போனதும் கணக்கு மாறிவிடுகிறது. வியாழன் பூமியை நெருங்கியிருக்கும்போதுகூட அதன் அகலம் நிலாவில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. செவ்வாய், மிக அரிதான நெருக்கத்திலும், எழுபதில் ஒரு பங்கு. நமக்கு மேலே உள்ள காற்று, சூடும் குளிர்ச்சியுமான அடுக்குகளாக ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால், சாதாரண இரவில் எந்தப் புள்ளியையும் நிலாவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்துவிடுகிறது. நிலாவுக்கு அது தூசு. செவ்வாய்க்கோ அது தன் அகலத்தில் பதினான்கில் ஒரு பங்கு. ஓடைநீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பது போலத்தான் கோளைப் பார்க்கிறோம்: நெளிகிறது, உடைகிறது, இரண்டாகிறது, பிறகு எப்போதாவது, கண் சிமிட்டும் நேரம், நீர் நின்றுவிட்டது போலக் கல்லின் ஒவ்வொரு கீறலும் தெரிகிறது. சில நொடிகள் திறந்திருக்கும் கேமரா இந்த எல்லாக் கணங்களையும் ஒன்றாகக் கரைத்துக் குழம்பாக்கிவிடும். மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரோ நெளிந்த கணங்களையெல்லாம் விட்டுவிட்டு, நின்ற கணங்களை மட்டும் மனத்தில் சேர்த்து வரைகிறார். 1909 செப்டம்பரில் பாரிஸை ஒட்டிய மூதோனில், 83 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே யூஜின் அந்தோனியாடி செவ்வாயைப் பார்த்தபோது காற்று அபூர்வமாக அடங்கியிருந்தது. அதுவரை பலர் கால்வாய்க் கோடுகளாக வரைந்தவை எண்ணற்ற சிறு கறைகளாகப் பிரிந்து தெரிந்தன. அவர் அதைக் காகிதத்தில்தான் பதிவு செய்தார்.

செவ்வாயில் கால்வாய்கள் உண்டா இல்லையா என்ற அந்தச் சண்டையில் கேமராவையும் சாட்சிக்கு அழைத்தார்கள் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமான அத்தியாயம். 1905இல் அரிசோனாவின் லோவெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் லாம்ப்லண்ட் செவ்வாயைப் படமெடுத்தார். கால்வாய்களைத் தம் கண்ணால் கண்டதாக வாதிட்டுவந்த பெர்சிவல் லோவெல் அவற்றைச் சான்றாக முன்வைத்தார். ஒவ்வொரு படமும் கால் அங்குல அளவே. அச்சில் ஏற்றினால் நுணுக்கம் மறைந்துபோகும். பெரிதாக்கினால் வெள்ளித் துகள்கள்தான் தெரியும். கால்வாய் உண்டு என்றவர்கள் அந்தப் படங்களில் கோடுகளைக் கண்டார்கள், இல்லை என்றவர்கள் எதையும் காணவில்லை. எடுத்தவரின் நேர்மையிலோ லென்ஸிலோ குறையில்லை. காற்று கலக்கிய கணங்களையும் தகடு வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். கண்ணுக்குப் புடைக்கத் தெரியும், ஆனால் தான் பார்த்ததைப் பிறருக்குக் காட்ட அதனிடம் வழியில்லை. கேமராவால் காட்ட முடியும், புடைக்கத் தெரியாது. இந்த இரண்டும் ஓரிடத்தில் கூடுவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

இடையில் சிலர் கையாலேயே புடைத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சு பிரனே மலையில், 2,877 மீட்டர் உயரத்தில் உள்ள பிக் து மிதி ஆய்வுக்கூடத்தில், 1940களில் பெர்னார்ட் லியோவும் அவர் குழுவினரும் ஒரே கோளை அடுத்தடுத்துப் பல படங்களாக எடுத்து, தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிட்டார்கள். பிலிம் துகள்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, கோளின் விவரம் மட்டும் வலுப்பெற்றது. இருட்டறையில் இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்துப் படத்தைப் பொருத்தலாம், ஆயிரத்தைப் பொருத்த முடியாது. 1978இல் டேவிட் பிரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். நல்ல இரவில் காற்றில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலத் துண்டு ஒன்று கலங்காமல் இருக்கும் என்று கொள்வோம். தொலைநோக்கியின் ஆடி அதைப்போல ஏழு மடங்கு, அதாவது 70 சென்டிமீட்டர் என்றால், ஏறத்தாழ 350 மிகக் குறுகிய படங்களில் ஒன்று சுத்தமாக வரும். பத்து மடங்கு, அதாவது ஒரு மீட்டர் என்றால், பத்து லட்சத்தில் ஒன்று. 35 சென்டிமீட்டராகக் குறைத்தாலோ பாதிக்கு மேல் தேறும். ஆடி பெரிதாகப் பெரிதாக நுணுக்கத்துக்கான வாய்ப்பு கூடும், அந்த நுணுக்கம் கையில் கிடைக்கும் கணமோ அதைவிட வேகமாக அருகிப்போகும். அமெச்சூர் தூக்கி வைக்கிற அளவிலான தொலைநோக்கி, காற்றோடு மல்லுக்கட்டுவதில் ஏழையின் கருவியாக இல்லாமல் ஏற்ற கருவியாக ஆனது இந்தக் கணக்கால்தான்.

கணக்கு வந்தும் முறம் வரவில்லை. அது வந்தது யாரும் எதிர்பாராத திசையிலிருந்து. கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்ற பிலிப்ஸ் டூயூகேம் போன்ற வெப்கேம்களை 2000ஐ ஒட்டி அமெச்சூர்கள் கழற்றத் தொடங்கினார்கள். லென்ஸைத் திருகி எடுத்துவிட்டால் உள்ளே 640க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு சில்லு. அதைத் தொலைநோக்கியின் கண்வில்லைக் குழாயில் பொருத்த வேண்டுமே? 35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா, ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் அளவெடுத்தது போலப் போய் உட்கார்ந்தது. டப்பாவின் அடியை வெட்டி வெப்கேமை அதில் ஒட்டினார்கள். பிலிமின் காலத்தை முடித்துவைத்த கருவியைப் பிலிம் டப்பாவே தாங்கி நின்றது. இரண்டு நிமிட வீடியோவில் ஆயிரம் பிரேம். நெதர்லாந்தின் கோர் பெரெவூட்ஸ் இலவசமாகத் தந்த ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு பிரேமையும் தரம்பார்த்து, மோசமானவற்றைத் தள்ளி, மிச்சத்தை நேர்ப்படுத்தி அடுக்கின. 2003 ஆகஸ்டில் செவ்வாய் 5.6 கோடி கிலோமீட்டருக்குள் வந்தபோது, வீட்டுக் கொல்லைகளிலிருந்து வந்த படங்கள், லோவெல் தம் வாழ்நாளெல்லாம் ஏங்கிய நுணுக்கத்தைக் காட்டின.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஆயிரம் பிரேமில் நூறைப் பொறுக்கி, கூட்டி, கூர்மையாக்கி வெளியிடுவது புகைப்படமா, தயாரிப்பா? லோவெலின் கண் இல்லாத கோட்டைச் சேர்த்தது போல மென்பொருளும் சேர்க்காதா? சேர்க்கும். அளவுமீறிக் கூர்மையாக்கினால் செவ்வாயின் விளிம்புக்குள் ஒரு பொய் வளையம் தோன்றுவதை இத்துறையினர் எல்லோரும் அறிவார்கள். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. லோவெலின் கண் தள்ளியவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்க யாராலும் முடியாது. வீடியோவில் தள்ளிய பிரேம்கள் வட்டில் அப்படியே இருக்கின்றன. வேறொருவர் வேறு முறத்தில் மறுபடி புடைக்கலாம். அதைவிட உறுதியான சோதனை, தொடர்பில்லாத இன்னொரு ஊரின் காற்று. 2010 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து அந்தோனி வெஸ்லி வியாழனில் இரண்டு நொடி மின்னிய ஓர் ஒளிப்புள்ளியைப் பதிந்தார். அதே கணத்தில் பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோவின் கேமராவிலும் அது விழுந்திருந்தது. ஏறத்தாழ பத்து மீட்டர் அளவுள்ள ஏதோ ஒன்று வியாழனில் மோதி எரிந்ததை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்ட அந்த இரண்டு பதிவுகளே போதுமாயின.

விண்கலங்கள் போய்விட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. வாயேஜரும் ஜூனோவும் காட்டிய நுணுக்கத்தைக் கொல்லையிலிருந்து காட்ட முடியாதுதான். ஆனால் 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ, தொடக்கத்தில் 53 நாளுக்கு ஒருமுறை, சில மணி நேரம்தான் அதை நெருங்கியது. ஹப்பிள் தன் நேரத்தை வானம் முழுவதற்கும் பங்கிட்டாக வேண்டும். இடைப்பட்ட இரவுகளை யார் பார்ப்பது? 2006 பிப்ரவரியில், வியாழனின் வெண்புயல் ஒன்று சிவந்துபோயிருப்பதை முதலில் கவனித்தவர் கோ. செபு பத்து டிகிரி வடக்கில், நம் திண்டுக்கல்லின் அட்சரேகையில் இருக்கிறது. அங்கே கோள்கள் உச்சிக்கு அருகே கடப்பதால் குறுக்கே வரும் காற்று குறைவு. 2009 ஜூலை 19 அன்று, கான்பராவுக்கு வடக்கே முரும்பேட்மனில், வெஸ்லி தம் பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார். முதலில் புயல் என்றும், பிறகு துணைக்கோளின் நிழல் என்றும் எண்ணி, இரண்டும் பொருந்தாமல் போனதும்தான் மோதலின் தழும்பு என்று உணர்ந்து செய்தி அனுப்பினார். ஹவாய்த் தீவின் பெரிய தொலைநோக்கியும், நான்கு நாளில் ஹப்பிளும் அந்தப் பக்கம் திரும்பின.

புடைப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னபின், அந்த வாதத்தையே சற்று மடக்கிவிடும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நொடி மின்னல், ஆயிரம் பிரேமை அடுக்கும்போது கரைந்து மறைந்துவிடும். பதர் என்று தள்ளியதில் மணி இருந்திருக்கிறது. ஆகவே இப்போது டிடெக்ட் போன்ற மென்பொருளைக் கொண்டு, அடுக்குமுன் ஒவ்வொரு வீடியோவையும் மின்னலுக்காகத் துழாவுகிறார்கள். வருடக்கணக்கில் வட்டுகளில் கிடக்கும் பழைய பதிவுகளையும் விடுவதில்லை. 2012 செப்டம்பர் 10 அதிகாலை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் கேமரா எதுவுமில்லாமல், கண்வில்லையில் கண்ணை வைத்து வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சிட்டு அணைந்தது. அவர் செய்தி பரப்பினார். டெக்சாஸின் டல்லாஸில் இன்னொரு அமெச்சூர் அதைப் படித்துவிட்டு, அன்று காலை தாம் எடுத்து வைத்திருந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தார். அதே விளிம்பில், அதே நேரத்தில், அந்தப் புள்ளி இருந்தது.