தவறவிட்ட ரயில்

போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் 'ஸ்லைடிங் டோர்ஸ்' பார்த்தேன். 1998ல பீட்டர் ஹவிட் எழுதி இயக்கின படம். (முடிவைச் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

ஹெலனுக்கு (க்வினெத் பால்ட்ரோ) லண்டன்ல ஒரு பி.ஆர். கம்பெனியில வேலை போயிடுது. வீட்டுக்குத் திரும்ப பாதாள ரயில் நிலையப் படியில ஓடி இறங்குறா. குறுக்கே ஒரு குட்டிப் பொண்ணு, ரயில் கதவு மூடிடுது. உடனே படம் ரிவைண்ட் ஆகி, இந்தத் தடவை ரயிலைப் பிடிச்சுடுறா. அங்கிருந்து ரெண்டு ஹெலன். பிடிச்சவ சீக்கிரமே வீட்டுக்குப் போய், காதலன் இன்னொருத்தியோட இருக்கறதைப் பார்த்துடுறா. விட்டவளுக்கு வழிப்பறியில தலையில அடி. லேட்டா போறதால ஒண்ணும் தெரியாம அவனையே நம்பிக்கிட்டு இருக்கா. நமக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு ஒருத்திக்கு நெத்தியில பிளாஸ்திரி, இன்னொருத்திக்கு முடியை வெட்டி சாயம். அருமையான வேரியபிள் நேமிங் :-)

ஆனா இந்த ரயில் லண்டன்ல கிளம்பினதில்லை. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1981லயே 'பிளைண்ட் சான்ஸ்' எடுத்து முடிச்சிருந்தார். வித்தெக்னு ஒரு மருத்துவ மாணவன், வார்சா ரயிலைப் பிடிக்க பிளாட்பாரத்துல ஓடுறான். பிடிச்சா, கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் ஆகிறான். ரயில்வே காவலாளி மேல மோதிக்கிட்டா, தண்டனை வாங்கி, அரசை எதிர்க்கிற ரகசியக் குழுவுல சேர்றான். சும்மா தவறவிட்டா, காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு எந்தப் பக்கமும் சேராத டாக்டர்.

யோசிச்சுப் பாருங்க. கட்சிக்காரனும் போராளியும் ஒரே ஆள், நடுவுல சில விநாடிதான் வித்தியாசம்னு சொன்னா எந்த அரசாங்கம் பொறுத்துக்கும்? என்னைக் கேட்டா, எதிர்த்தரப்புக்கும் அது கசந்திருக்கும். 1981 டிசம்பர் 13ல போலந்துல ராணுவச் சட்டம் வந்துச்சு. படம் பெட்டிக்குள்ள போச்சு. வெளிய வந்தது 1987ல, அதுவும் வெட்டுப்பட்டு. மூணு வித்தெக்கும் பாரிஸுக்குக் கிளம்பப் பார்க்கிறாங்க. ரெண்டு பேரால முடியலை. எந்த வம்புக்கும் போகாத டாக்டர் மட்டும் விமானம் ஏறுறான். அது வெடிச்சுடுது. ஆறுதல்னு ஒண்ணுமே கிடையாது.

ஹவிட் படத்துல ஆறுதல் உண்டு. ரயிலைப் பிடிச்ச ஹெலன் ஆஸ்பத்திரியில செத்துப் போறா. பிழைச்ச ஹெலன் லிஃப்ட்ல ஜேம்ஸைப் பார்க்கிறா. அவன் ஆரம்பிச்ச வசனத்தை, தான் வாழாத வாழ்க்கையிலிருந்து எடுத்த மாதிரி முடிச்சு வைக்கிறா. காலேஜ்ல அந்த சீனுக்குப் புல்லரிச்சுது. இப்ப கொஞ்சம் போங்காட்டம்னு தோணுது. எந்த ரயில்ல ஏறினாலும் அதே ஆள்தான் கிடைப்பான்னா, அவ்வளவு மூச்சு வாங்க ஓடினது எதுக்கு?

நிற்க. 2001ல இது சென்னைக்கு வந்தப்போ ரயில் பஸ்ஸாச்சு. ஜீவாவோட '12பி'. ஷாம் ஹீரோவா நடிச்ச முதல் படம், ஜோடியா சிம்ரனும் ஜோதிகாவும். வார்சாவுல கொள்கை, லண்டன்ல காதல், நம்ம ஊர்ல இன்டர்வியூ! பஸ்ஸைப் பிடிச்சா கம்பெனி வேலை, விட்டா மெக்கானிக். பஸ் போனா வாழ்க்கையே போச்சுங்கற பயம் நமக்குத்தான் நல்லாப் புரியும்.

டிவியில இந்தப் படம் ஓடினப்போ அப்பா பக்கத்துல இருந்தார். நான் "ஐயோ, பஸ்ஸை விட்டுட்டானே"ன்னேன்.

"விட்டா என்னடா? கையில தொழில் கிடைச்சுதுல்ல"ன்னுட்டு சேனலை மாத்திட்டார்.