தொடக்கக் குறுநிரல் (எக்செல்)

தொடக்கக் குறுநிரல் என்பது மைக்ரோசாஃப்ட் எக்செல் மென்பொருளில் ஒரு கோப்பு திறக்கப்பட்டவுடன், பயனரின் கட்டளையின்றித் தானாகவே இயங்கும் குறுநிரல் (மேக்ரோ) ஆகும். அன்றாட ஆயத்த வேலைகளைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆயினும் எப்போதோ எழுதி மறந்த குறுநிரல், எக்செலைத் தொடங்கும்போதெல்லாம் வேண்டாத கோப்பைத் திறப்பது, பிழைச்செய்தி காட்டுவது போன்ற தொல்லைகளைத் தரக்கூடும்.

இயங்கும் விதம்

1993-இல் வெளிவந்த எக்செல் 5.0 பதிப்பில் விசுவல் பேசிக் மொழி இணைக்கப்பட்டது. ஆட்டோ_ஓப்பன் என்ற பெயருடைய குறுநிரல் கோப்பைத் திறந்ததும் இயங்கும். பின்னர் இதே பணிக்காக வொர்க்புக்_ஓப்பன் என்ற நிகழ்வும் சேர்க்கப்பட்டது.

எக்ஸ்எல்ஸ்டார்ட் என்னும் கோப்புறையில் உள்ள கோப்புகள் எக்செல் தொடங்கும்போதே திறக்கப்படும். பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி எனப்படும் தனிப்பட்ட குறுநிரல் கோப்பின் இருப்பிடமும் இதுவே (2003 பதிப்பு வரை பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்). இது மறைந்த நிலையில் திறக்கப்படுவதால், தொல்லையின் ஊற்று பயனரின் கண்ணில் படுவதில்லை. 1996-இல் பரவிய லரூ என்ற நச்சுநிரல் இவ்வழியையே பயன்படுத்திக்கொண்டது.

சரிசெய்தல்

கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எக்செலைத் தொடங்கினால், அது பாதுகாப்பு முறையில் இயங்கலாமா எனக் கேட்கும். அம்முறையில் எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புகள் திறக்கப்படுவதில்லை. அப்போது தொல்லை மறைந்தால், எக்செலை மூடிவிட்டு அக்கோப்புகளை வேறு கோப்புறைக்கு நகர்த்தி, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துச் சோதிக்கலாம். கோப்பை அழித்துவிடுமாறு பலர் கூறும் அறிவுரை ஆபத்தானது. பயனர் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறுநிரல்கள் அந்த ஒரே கோப்பில் இருக்கக்கூடும். குற்றவாளியான கோப்பை, எக்செலின் திறப்புப் பட்டியல் வழியாக ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் தொடக்கக் குறுநிரல் இயங்காது. பின்பு ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தி நிரலைப் பார்த்துத் திருத்தலாம்.

குறுநிரலே இல்லாமலும் இக்கோப்பு தீங்கு செய்வதுண்டு. முதலில் திறக்கப்படும் கோப்பின் கணக்கிடும் முறையையே எக்செல் அந்த அமர்வு முழுவதற்கும் மேற்கொள்ளும். பெர்சனல் கோப்பு கைமுறைக் கணக்கீட்டில் சேமிக்கப்பட்டிருந்தால், பின்னர் திறக்கும் கோப்புகளில் எண்களை மாற்றினாலும் கூட்டுத்தொகை பழையதாகவே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதால், வேண்டாத தொடக்க விளைவுகளில் கண்டறிய அரிதானது இதுவே. சூத்திரங்கள் பட்டியலில் கணக்கீட்டைத் தானியங்கு முறைக்கு மாற்றி, பெர்சனல் கோப்பை மீண்டும் சேமித்தால் இது நீங்கும்.

இணையத்திலிருந்து பெறப்பட்ட கோப்புகளின் குறுநிரல்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வருகிறது.